தூங்குகிற கண்

அன்புள்ள ட்ராய் அவர்களுக்கு,

வடக்கு டக்கோட்டாவின் எண்ணெய் வயல்களில் நீங்கள் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை என் அலுவலகத் தாளில் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும். இது வழக்கறிஞர் அறிவிப்பன்று. ரீனாவின் அண்ணனாக, உங்கள் மகள் ஐலாவின் மாமாவாக எழுதுகிறேன். உங்கள் மணவிலக்கில் எவர் பக்கம் நியாயம் என்பது பற்றி இதில் ஒரு சொல்லும் இராது.

இங்கே ஏரியில் பனி உருகிவிட்டது. ரீனாவின் வீட்டுக் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. வரும் ஞாயிறன்று ஐலாவை நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன். கோடை முழுவதும் அவள் உங்கள் பொறுப்பு. அவளுடைய பையில் துணிகளுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும்: வலக் கண்ணை மறைக்கும் ஒட்டுகள். அவற்றைக் குறித்தே இக்கடிதம்.

வசந்த விடுமுறையில் அனுப்பிய பெட்டி பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. வந்து இறங்கியபோது அவள் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "என்னடி இது, கடற்கொள்ளைக்காரி வேஷமா? கழட்டிப் போடு" என்று நீங்கள் சொன்னதாக ஐலா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இது நான் கேள்விப்பட்டது மட்டுமே. மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவர் கூறியதை மிகைப்படுத்தாமல் தருகிறேன். பிறவியிலேயே அவளுடைய இடக் கண்ணில் பார்வைக் குறை மிகுதி. மங்கலாகக் காட்டும் கண்ணை மூளை சிறிது சிறிதாகக் கைவிட்டுவிடுகிறது. நன்றாகத் தெரியும் வலக் கண்ணை மூடி வைத்தால்தான் அது இடக் கண்ணைப் பயன்படுத்தப் பழகும். சிவப்பில்லை, வலியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். மூன்று வயதில் கண்டிருந்தால் கண்ணாடியும் ஒட்டுமே பெரும்பாலும் போதுமாயிருக்கும். இப்போது எட்டு. "இன்னும் வாய்ப்பு இருக்கு. ஆனா ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார். அதற்குமேல் எந்த உறுதியும் அவர் தரவில்லை, நானும் தருவதற்கில்லை.

மூன்று வயதில் ரீனா அந்தச் சோதனைக்கு நாள் குறித்திருந்தாள். தொலைபேசியில் அழைத்து அதை ரத்து செய்தவர் நீங்கள். அப்போது நான் உங்கள் சமையலறையில் அமர்ந்திருந்தேன். ஆகவே இது கேள்விப்பட்டதன்று. "காட்டோரத்துல நிக்கிற மானை எனக்கு முன்னாடி பாக்குறா. இவளுக்குக் கண்ணு டாக்டரா? உன் தங்கச்சிக்கு வேற வேலையில்ல மார்வின்" என்றீர்கள். மானை அவள் பார்த்தது உண்மை. எந்தக் கண்ணால் என்று மானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

பின்னர் மழலையர் பள்ளியில் காகிதக் கோப்பையால் ஒரு கண்ணை மூடிச் சுவரிலுள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். "நீமி வீட்டுப் புள்ள எந்தப் பரீட்சையிலயும் தோக்காது" என்று உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லி அன்று காலை அவள் முதுகில் தட்டி அனுப்பியிருந்தீர்கள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் படித்ததைக் காதால் வாங்கி, மனப்பாடம் செய்து ஒப்பித்தாள். தேறினாள். நீங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தீர்கள்.

அடுத்து, பனித்திடலில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் அவளைக் கோல் காக்க நிறுத்தினீர்கள். ரப்பர் வட்டு வந்து சேருமுன்பே அவளுடைய கையுறை மூடிக்கொள்ளும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. "ஏய் காத்துப்பிடி, இன்னைக்கு எவ்வளவு காத்து பிடிச்சே?" என்று எதிரணிப் பிள்ளைகள் கூவுவார்கள். தடுப்புக்குப் பின்னாலிருந்து நீங்கள், "கண்ணைத் தொறந்து பாருடி!" என்று கத்துவீர்கள். ஊரே கேட்டிருக்கிறது. அவள் திறந்துதான் வைத்திருந்தாள், ட்ராய்.

சென்ற இலையுதிர் காலத்தில், தலைகுளிக்கும்போது வலக் கண்ணில் சோப்பு பட்டு அதை இறுக மூடிக்கொண்டவள், "அம்மா, உன் மூஞ்சி எங்க போச்சு?" என்று கேட்ட பிறகுதான் ரீனா அவளை மருத்துவரிடம் கொண்டு ஓடினாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் ஐலாவிடம் கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இது பாக்குற கண்ணு, அது தூங்குற கண்ணு மாமா. எல்லாருக்கும் அப்படித்தானே?" என்றாள்.

நீதிமன்றத்தை நாட என்னால் இயலும். ரீனா வேண்டாம் என்கிறாள். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் கோடை முடிந்துவிடும். அந்தக் கண்ணுக்கு வாய்தா கிடையாது. தவிர, அம்மா சொன்னால் ஐலா முரண்டு பிடிக்கிறாள்; நான் சொன்னால் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஓடுகிறாள். அவள் கேட்பது உங்கள் பேச்சை மட்டும்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியில்லை.

காலையில் அந்த ஒட்டை உங்கள் கையாலேயே ஒட்டுங்கள். ஒட்டியபடியே உங்கள் வீட்டுவாசலில் பந்தைப் பிடித்து விளையாடட்டும். பாலைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவாள். எறிந்த எதையும் பிடிக்கமாட்டாள். ஒவ்வொரு முறையும் தோற்றுவிட்டு, நிமிர்ந்து உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள், அந்தக் கண்ணால். அப்போது கத்தாதீர்கள். தோற்கட்டும், ட்ராய். தோற்றாலும் உங்கள் மகள்தான் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஐலாவின் மாமா,
மார்வின் கோவாச்