எங்க பிடிக்குது?

மார்ச் 1, சனி

நூலக மாடி அறைக்குப் போக ஆரம்பித்து இன்றோடு ஆறு வாரம். பார்வையற்றவர்களுக்குப் பாடம் படித்துக் காட்டுவது, பரீட்சையில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்பது. இதுதான் எங்கள் தொண்டு. பட்டியலில் தொண்டர்கள் இருபத்திரண்டு பேர். இன்று வந்தது ஒன்பது. முப்பத்து நாலு வருஷம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவனுக்கு இது எப்படிப் பொறுக்கும்?

தலைமை ஒரு தையல்காரம்மா. என்னைவிட இருபது வயது சின்னவர். எல்லோருக்கும் முன்னால் வந்து, பெருக்கி, நாற்காலி போட்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஓரமாக நிற்கிறார். ஒரு உத்தரவு போட்டு நான் கேட்டதில்லை. தலைவி என்றால் இப்படியா?

ஆபரேட்டரம்மாவுக்கு ஏப்ரல் 12-இல் பரீட்சை. இருபது வருஷமாக ஒரு அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. இது மூன்றாவது தடவை, விதிப்படி இதுவே கடைசி. தேறினால் அதிகாரி. இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை “லைன்ல இருங்க”தான். அவருக்கு எழுதப் போவது ஒரு பஸ் கண்டக்டர். நாலு மாதமாகப் பழகியதில் அந்த அம்மாவின் வேகத்துக்கு இவர் கை ஓடுகிறது. மற்ற யார் எழுதினாலும் பாதிக் கேள்விக்குள் மணி அடித்துவிடும்.

மார்ச் 8, சனி

நீளமான வருகைப் பதிவேடு ஒன்று வாங்கினேன். வராதவர்களுக்கும் தாமதமாக வருபவர்களுக்கும் சிவப்பு மை, போன வாரத்திலிருந்தே கணக்கு. “எழுதலாமா?” என்று தையல்காரம்மாவைக் கேட்டேன். “உங்களுக்குச் சரின்னு பட்டா எழுதுங்க சார்” என்றார்.

நான் போட்ட கோடுகள் கொஞ்சம் கோணல். வீட்டுக்காரி சிரிக்கிறாள்: “முதல்ல கண்ணாடிய மாத்துங்க. அப்புறம் ஊரைத் திருத்தலாம்.”

மார்ச் 15, சனி

கண்டக்டர் இன்றும் நாற்பது நிமிஷம் தாமதம். மூன்றாவது சிவப்பு. மூன்று வாங்கியவர்களின் பெயரை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். விதி என்றால் விதி.

“டிப்போலயும் இதேதான் சார்” என்றார் கண்டக்டர்.

மார்ச் 22, சனி

கண்டக்டர் வரவில்லை. பெயர் வாசிக்கப்பட்ட மற்ற மூவரும் வரவில்லை. ஆபரேட்டரம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் காதைத் தீட்டியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். படியில் யார் ஏறினாலும் முகம் மலர்ந்து, உடனே வாடியது. இன்னும் மூன்றே வாரம்.

கண்டக்டருக்கு போன் போட்டு “ஏன் வரல?” என்றேன். வைத்துவிட்டார். என்னிடம்! மூக்குக்கு மேல் கோபம். மெமோ கொடுக்கலாமா? யாருக்கு, எதை வைத்து? சம்பளமா, இன்க்ரிமெண்டா, எதைப் பிடித்து நிறுத்துவேன்? இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டார்களா, என் கையெழுத்துக்குப் பயந்தார்களா?

தையல்காரம்மா இன்று என்னை ஒரு பிடி பிடிப்பார் என்று தயாராக இருந்தேன். வந்து எதிரே உட்கார்ந்தார்.

“சார், உங்களுக்கு எங்க பிடிக்குது?”

“எனக்கா? இந்த ஜன்னலோரம்தான்மா பிடிக்குது. காத்து வருது.”

சிரித்தார் பாருங்கள், நாற்காலியே ஆடியது. “ஐயோ, அதில்ல சார்! சட்டை போட்டுப் பார்க்கறவங்களக் கேப்போமே — தோள்லயா, கையிலயா, எங்க பிடிக்குதுன்னு. பிடிச்சா ஆளையா வெட்டுவோம்? தையலைத்தான் பிரிப்போம். அதான் கேட்டேன்.”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. “வீட்ல எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கறதில்லம்மா. எங்கயாவது நான் வேணும்னு இருந்துச்சு.” சொல்லிவிட்டு வெட்கமாகப் போயிற்று. அவர் தலையாட்டினார். “திங்கக்கிழமை டிப்போவுக்குப் போவோம். நீங்களும் வாங்க” என்றார்.

மார்ச் 24, திங்கள்

டிப்போ வாசலில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார் இந்த அம்மா! கண்டக்டர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அண்ணே, எங்க பிடிக்குது?”

முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு கொட்டிவிட்டார். டூட்டி மாறி ஒரு மாதமாகிறதாம். விடியற்காலையிலிருந்து நின்றுவிட்டு, சாப்பிடாமல் நேரே ஓடி வருவாராம். அதற்குமேல் அந்த மாடிப்படி, முட்டி கழன்று போகிறதாம். “அதெல்லாம் பரவால்ல தங்கச்சி. எம்பொண்ணு கிட்ட ‘அப்பா பெரிய பரீட்சை எழுதப் போறேன்’னு பெருமையாச் சொல்லி வச்சிருந்தேன். அங்க வந்தும் சிவப்பு மையா எனக்கு?”

“தப்பு என்னோடதுண்ணே. உங்களக் கேக்காமயே நேரம் வச்சுட்டேன்” என்றார் தையல்காரம்மா.

நேரம் வைத்தது வேண்டுமானால் அவர். மை யாருடையது? நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். சே.

இனிமேல் பயிற்சி டிப்போவின் ஓய்வறையில், அவர் டூட்டி முடிகிற நேரத்துக்கு. ஆபரேட்டரம்மாவை அழைத்துப் போவது நான். அதை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

கண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. “விடுங்க சார், டீ குடிக்கலாம்” என்றார்.

மார்ச் 29, சனி

பதிவேட்டில் சிவப்பை நிறுத்திவிட்டேன். ‘வந்தார் / வரவில்லை’ என்றிருந்ததை அடித்துவிட்டு ‘எங்கே பிடிக்கிறது’ என்று தலைப்புப் போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

பரீட்சை. கண்டக்டர் சலவைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்தார். இருவரையும் உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினால், சுற்றுச்சுவர் ஓரம் தையல்காரம்மா. மடியில் சாப்பாட்டு டப்பா, இரண்டு பேனா, ஒரு கடிதம். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பரீட்சை எழுதிக் கொடுக்க மாற்று ஆளாக அவர் பெயருக்கு அனுமதி.

“எல்லா பரீட்சைக்கும் இப்படி வந்து உக்காருவீங்களா?”

“ஆமா சார், நாலு வருஷமா. யாருக்காவது முடியாமப் போயிட்டா?”

“ஒரு தடவையாவது உள்ள போயிருக்கீங்களா?”

“இல்ல. நல்ல விஷயம்தானே!”

அடேயப்பா! இவரையா இத்தனை நாள் ‘உத்தரவு போடத் தெரியாதவர்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்? நானும் மூன்று மணி நேரம் அதே சுவரோரம் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் இப்படி ஒருவருக்குக் கீழே வேலை பார்த்ததில்லையே என்று ஏக்கமாக இருந்தது. மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே இருவரும் வெளியே வந்தார்கள். எல்லாக் கேள்வியும் எழுதியாயிற்று.

ஜூன் 14, சனி

தேறிவிட்டார்! கண்டக்டர் அழுதார், நானும்தான். ஆபரேட்டரம்மா தையல்காரம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: “அக்கா, எனக்கும் இங்க ஒரு வேலை குடுங்க.”

ஜூன் 21, சனி

ஒரு மாணவிக்குப் படித்துக் காட்டும்போது இரண்டு தடவை வரி தாண்டிவிட்டேன். அந்தப் பெண் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தெல்லாம் புகை மூட்டமாக இருக்கிறது. வெளிச்சம் போதவில்லையோ?

ஜூன் 28, சனி

தலைவலி என்று சொல்லிவிட்டேன். போகவில்லை.

ஜூலை 5, சனி

இன்றும் போகவில்லை. படிக்க முடியாதவன் அங்கே போய் என்ன செய்ய? இதை எந்த முகத்தோடு சொல்வது?

ஜூலை 7, திங்கள்

மாலையில் போன். இருபது வருஷம் டெலிபோனில் பழகிய ஆபரேட்டரம்மாவின் குரல்.

“வணக்கம் சார். தையல்காரக்கா எனக்கு வேலை குடுத்துட்டாங்க. உங்க பதிவேட்டைப் படிச்சுச் சொல்வாங்க, வராதவங்களுக்கு நான் போன் பண்ணணும். உங்க பேருக்கு நேரே ரெண்டு வாரம் காலியாம்.” பிறகு கேட்டார்: “சார், எங்க பிடிக்குது?”

தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

“கண்ணுதாம்மா” என்றேன். “எழுத்து தெரியல. உங்க கிட்டப் போய் இதைச் சொல்ல வெட்கமா இருக்கு.”

“அட, என் கிட்டயா வெட்கம்!” என்று சிரித்தார். பிறகு மெதுவாக, “டாக்டர் கிட்டப் போனீங்களா?” என்றார்.

“இல்ல.”

“நாளைக்குப் போங்க. சனிக்கிழமை வாங்க. நாற்காலி போட எழுத்து எதுக்கு சார்? போன வாரம் நான்தான் போட்டேன்.”

நாளை காலை பத்து மணிக்கு டாக்டர். வீட்டுக்காரி துணைக்கு வருகிறாள். சனிக்கிழமை அரைமணி முன்னதாகவே கிளம்ப வேண்டும். துடைப்பம் கதவுக்குப் பின்னால் இருக்கும். தையல்காரம்மா வருவதற்குள் பெருக்கி முடித்துவிட வேண்டும்.