பதினொரு நிமிடம்

செவ்வாய் இரவு, 1943. வேலையிடத்தில் ஜப்பான் ஆண்டுக் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டும்.

இன்று பறந்தேன்.

குளுவாங் விமானத் திடலில் ஜப்பான்காரர்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கிறேன். சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரர்களிடம் விமானம் ஓட்டப் பழகியதை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. இன்று எஞ்சினைச் சோதிக்கப் போன பைலட், என்னையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டான். மேலே போனதும் விளையாட்டாக இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, "பெகாங்!" என்று மலாயில் கத்தி, என் முன்னால் இருந்த ஓட்டும் கோலைப் பிடிக்கச் சொன்னான்.

பிடித்தேன். விமானம் ஆடாமல் போயிற்று. நாளெல்லாம் நடந்தாலும் முடியாத ரப்பர் நிரைகள், கீழே சீப்பின் பற்களைப் போலக் கிடந்தன. லாபிஸ் ரயில் ஒரு மரவட்டை. தூரத்தில் மூவார் ஆறு வெள்ளியாகக் கடலில் இறங்கியது. சண்டை எங்கே நடக்கிறது என்றே தெரியவில்லை.

இறங்கியதும், முன்பே பழக்கமா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "நாளைக்கே வீட்டச் சோதிப்பாங்க. அந்த நோட்ட எரிச்சிடுங்க," என்றாள் மனைவி. நான் பறந்த நேரமெல்லாம் அதில்தான் இருக்கிறது, மொத்தம் ஒன்பது மணி நேரம் நாற்பது நிமிடம். காலி அரிசி டின்னிலிருந்து அவளே எடுத்துத் தந்தாள்.

"இன்னைக்கு எவ்ளோ நேரம் ஓட்டுனீங்க?"

"பதினொரு நிமிஷம். எழுத முடியாது. வாத்தியார் கையெழுத்து இல்லாம கணக்குல சேராது."

"எழுதுங்க. நான் போடுறேன்."

ஒரு நிமிடம்கூடக் கூட்டி எழுதாதவன் நான். எழுதினேன். வாத்தியார் கட்டத்தில் 'தங்கம்' என்று தன் பெயரைப் போட்டாள்.

மை காய்ந்ததும் நோட்டை அடுப்பில் போட வேண்டும். இதை எழுதும் இந்த நாட்குறிப்புப் பக்கத்தையும் கிழித்துப் போட வேண்டும்.