ஆடி போகட்டும் என்றேன்

வியாழன், இரவு.

ஐம்பத்திரண்டு வயதில், பெண்டாட்டிக்குப் பயந்து மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஒளிந்திருந்தேன்.

தையல் கடை வைக்க அவள் கள்ளிக்குப்பத்தில் இடம் பார்த்திருந்தாள். உரிமையாளரிடம் பேசி முடிப்பது என் பொறுப்பு. ஆடி போகட்டும் என்றேன். அப்புறம் அஷ்டமி, நவமி, கரிநாள். இன்றைக்குப் போனால் அங்கே பிரியாணிக் கடை போர்டு தொங்குகிறது.

“இன்னா நைனா, தீபாவளியே வரப்போவுது, இப்பதான் வந்துகினு கீறியா?” என்று சிரித்தார் உரிமையாளர்.

மாடியிலிருந்து இறங்கி விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. “ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியிற வரைக்கும்தாங்க எனக்கு நேரம்” என்றாள். கத்தியிருந்தால் தேவலை.

எங்கள் கல்யாணத்தை, ஊரே தடுத்தும் அடம்பிடித்து, ராகு காலத்தில் நடத்திக்கொண்டவன் நான்.