முகவரியைக் கொடுத்தது யார்

இன்று காலை உன் கைப்பேசி ஒலித்தது. நீ போன பிறகும் அந்த எண்ணை நான் நிறுத்தவில்லை. ஏதோ கடன் கொடுக்கும் நிறுவனத்துப் பெண், உன் முழுப்பெயரைப் பிழையில்லாமல் சொல்லி, "மேடம் இருக்காங்களா சார்?" என்றாள்.

"வெளிய போயிருக்காங்க," என்றேன். வைக்க மனமில்லாமல் பேச்சை நீட்டினேன். உன் பெயரை இன்னொருவர் சொல்லிக் கேட்டு வெகு நாளாகிறது. மக்களின் சொந்தத் தகவல்களுக்குக் காவல் வேண்டுமென்று நாடாளுமன்றத்தில் மன்றாடியவள் நீ, ஊரார் மரியாதையாக 'ஒய்பி' என்றழைத்த எம்.பி. உன் எண்ணும் யார் யார் கையிலோ இருக்கிறது.

கோத்தா திங்கியில் உன் தொகுதிச் சேவை மையத்துக்கு வந்தாளே ஒரு பெண். அடிக்கிற கணவனை விட்டு, பெக்கோக் ஊரிலிருந்து பிள்ளையோடு ஓடி வந்தவள். அவன் இங்கும் தேடி வந்து அடித்ததில் கட்டுப்போட்ட கையோடு உன் எதிரே உட்கார்ந்து, "நான் யார்கிட்டயும் சொல்லல ஒய்பி. அட்ரஸ யாரு கொடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள். நீ விசாரித்ததில் தெரிந்தது: கைப்பேசிக் கடையில் அவள் மாற்றிப் பதிந்திருந்த புது முகவரியை, கணவன் போய்க் கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அவளைப் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டு வந்தும் நீ சாப்பிடவில்லை. "தப்புன்னே கடைக்காரங்களுக்குத் தெரியலைங்க," என்றாய்.

வாடிக்கையாளரின் தகவல் வெளியே போனால் நிறுவனம் அவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்று அடுத்த கூட்டத்தொடரில் பேசினாய். சொல்லியிருந்தால் அவள் கதவையாவது பூட்டியிருப்பாள் என்றாய். பாதி இருக்கைகள் காலி. யாரோ சிரித்தது நேரலையில் எனக்கும் கேட்டது.

"ரோடு, வெள்ளம்னு பேசுங்க லா. இதுக்கு யாரு ஓட்டுப் போடுவா?" என்றார்கள் கட்சிக்காரர்கள். நீ விடாமல் பேசினாய். அடுத்த தேர்தலில் உனக்கு இடம் தரவில்லை. அதன்பின் வந்த நோய் உன்னைக் கொண்டுபோனது.

இப்போது சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நீ கேட்டதில் பெரும்பகுதி வந்துவிட்டது. செய்தியை இரண்டு நாளிதழ்களில் தேடிப் படித்தேன். உன் பெயர் எதிலும் இல்லை. இது நீ கேட்டது என்று யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

நேற்று மருந்துக் கடையில், "ஐசி நம்பர் சொல்லுங்க அங்கிள்," என்றாள் ஒரு பெண்.

"எதுக்கும்மா?"

"சிஸ்டம் கேக்குது அங்கிள்."

"இருமல் மருந்துக்கு அது வேணாமேம்மா."

பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். முன்பெல்லாம் நீ இப்படிக் கேட்கும்போது கூச்சத்தில் வாசலுக்குப் போய்விடுவேன். நேற்று நகரவில்லை. அவள் அடையாள அட்டை எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டுத் தட்டினாள். பில் வந்துவிட்டது.

இனி எல்லாக் கடையிலும் கேட்பேன். வெளியே வந்ததும் அதைச் சொல்லத்தான் வாசலில் நீ இல்லை.