வீக்கம் என்று சொன்னேன்

அக்கா,

சற்றுமுன் எதிர்வீட்டம்மா ஒரு கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டும் மறு கையில் உப்பு ஒத்தட மூட்டையுமாக வந்து நின்றாள். சுட்ட துணியின் அந்த வாசனை வந்ததுமே ஆம்பூர் வீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்துவிட்டன. ரிப்போர்ட்டிலும் அதே சொல். லம்ப்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில், தமிழ் தெரியாத டாக்டர்கள் சொல்வதை நோயாளிகளுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. லம்ப் என்றால் கட்டி. அகராதியே தேவையில்லை. ஆனால் நாங்கள் யாரும் கட்டி என்று சொன்னதில்லை. "கட்டின்னா பயந்து ஓடிப்போய்டுவாங்க, வீக்கம்னே சொல்லு" என்று மூத்த நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் எல்லோருக்கும் அப்படியே சொன்னேன். இதமாகப் பேசுகிற பெண் என்று நல்ல பெயர் வேறு.

உன் கழுத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டரும் லம்ப் என்றார். உடனே சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். நீ என் வாயையே பார்த்தாய்.

"இன்னாடி சொல்றாரு?"

"வீக்கம்தான்க்கா. ஒரு டெஸ்ட்டு எடுக்கணும், அவ்ளோதான்."

"வீக்கம்னா அமுங்கிடும். கம்பெனில ஆர்டர் ஜாஸ்தி, ஷூ தைக்க ஆளு கம்மி. முடிச்சிட்டு வர்றேன்."

நான் தடுக்கவில்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற, ஞாயிறுதோறும் வந்து ஒத்தடம் வேறு கொடுத்தேன். ஐந்து மாதம். கடைசியில் உன்னால் கஞ்சிகூட விழுங்க முடியவில்லை.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. நீயாகத்தான் கேட்டாய்.

"மொதல்ல பார்த்தப்போ அவரு இன்னாடி சொன்னாரு?"

"கட்டின்னாரு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து படுத்திருப்பேனே. நான் இன்னா பயந்தாங்கொள்ளியா?"

பயந்தாங்கொள்ளி நான்தான். நீ போன பிறகு அந்த நர்ஸ் மேல் பழியைப் போடப் பல வருஷம் பார்த்தேன். உன்னிடம் வீக்கம் என்று சொன்னபோது அவர் பக்கத்தில்கூட இல்லை.

"வீக்கம்தானேம்மா?" என்றாள் எதிர்வீட்டம்மா.

"கட்டி. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்று மூட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். அழுதுகொண்டே போனாள். கல் நெஞ்சுக்காரி என்று இனி தெருவே சொல்லும். சொல்லட்டும்.

மூட்டை மேசைமேல் இருக்கிறது. இன்னும் சூடு ஆறவில்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை. தொடவும் கை போகவில்லை, அக்கா.