கதிரைக்குக் கீழே டென்மார்க்

நவம்பர் 18, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே சுள்ளென்று வெயில். குப்பைத் தொட்டிகள் வெளியே வைக்கவேண்டிய நாள். சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, இரண்டும். வைத்தாயிற்று.

வதனி ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். முதியோர் இல்லத்தில் இந்த மாதம் முழுக்கக் காலை ஷிஃப்ட், சனி ஞாயிறும் சேர்த்து. அங்கே கிழவர்களைக் குளிக்க வார்த்து, ஊட்டி, அதட்டிவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து மிச்சமிருக்கும் ஒரு கிழவனை அதட்டுவாள். எனக்கு நகரசபை கவுன்சில் அலுவலகத்தில் வேலை ஒன்பதுக்குத்தான். ஆகவே ஆறிலிருந்து எட்டு வரை வீடு என் ராச்சியம். தேத்தண்ணி, குசினி மேசையடியில் இருந்துகொள்ளக் கதிரை, ஃபோனில் ஊர்ச் செய்தி, புதினம்.

இன்று ராச்சியத்துக்குள் ஓர் ஆள் வந்தது.

ஆள் என்றால் ஆமை. தரை கூட்டும் ரோபோவுக்கு எங்கள் வீட்டுப் பெயர். வட்டம், கறுப்பு, முன்னால் ஒரு சின்னக் கண். மகன் ஆரூரன் ஓகஸ்டில் டென்மார்க்குக்குப் படிக்கப் போகமுதல், "குனிஞ்சு கூட்டினா அம்மாக்கு நாரி நோகும்" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டுப் போனது. அவனுடைய அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜில் நிற்கும். சனி பின்னேரங்களில் வதனி பொத்தானை அமத்தினால் மட்டும் வெளிக்கிடும்.

இன்று யாரும் அமத்தவில்லை. தானாக வந்தது. கூட்டவில்லை, சத்தமில்லை. மேசைக்குக் கீழே நுழைந்து, என் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"என்ன?" என்றேன்.

தேத்தண்ணி ஆறிப்போனது.

நவ. 20, வியாழன்

தூறல். ஆறு பத்துக்கு மறுபடியும் வந்தது. அதே இடம், அதே பார்வை. கால்களை மெதுவாகக் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மெல்பேர்னில் ஸ்பிரிங்வேலில் இருக்கும் பாலா அண்ணைக்கு ஃபோன் போட்டேன். ஒஸ்ரேலியாவில் எந்தத் தமிழ் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதுவரை தெரிந்த மனிதர். விஷயத்தைச் சொன்னேன்.

"உந்த வீட்டை ஆரிட்டை வாங்கினனீ?"

"ஒரு வெள்ளைக் கிழவியின்ர பிள்ளையளிட்டை."

"கிழவி எங்கை செத்தது?"

"கேக்கேல்லை அண்ணை."

"அதுதான். வீடு வாங்கேக்கை கறையான் இருக்கோ எண்டு காசு குடுத்துப் பாக்கிறியள். கிழவி இருக்கோ எண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை."

பிறகு வழக்கமான கேள்வி. "பெடியன் எப்பிடி?"

"கலக்குறான் அண்ணை. காற்றாலை எஞ்சினியரிங். புரொஃபெசரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுறான்."

"மார்க்ஸ்?"

"அங்கை பன்னிரண்டுதான் ஃபுல் மார்க்ஸ். கீழை இறங்கினா மைனஸ் மூண்டு வரைக்கும் இருக்காம்."

"மைனஸோ? ஒண்டும் தெரியாமல் போனவனிட்டை இருக்கிறதையும் பறிக்கிறாங்களோ?"

"எங்கட ஆளுக்கு உது வராது. நாலு பேர் குரூப், அண்ணை. இவன்தான் அதுக்குத் தலைவர்."

குரூப் என்பது வதனி சொன்னது. தலைவர் என் கைச்சரக்கு. அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் ஆமை பின்வாங்கியது. திரும்பியது. ஆரூரன் அறைக்குள் போய்விட்டது.

கைமயிர் குத்திட்டு நின்றது. எனக்கு அங்கேயாவது கொஞ்சம் மயிர் மிச்சம்.

நவ. 22, சனி

வதனியிடம் சொன்னேன். "வேலை இல்லாதவைக்குத்தான் பேய் தெரியும்" என்றாள். ஆனாலும் பின்னேரம் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போனபோது கை நிறையத் திருநீறு வாங்கிவந்து, "ஒரு காப்புக்கு" என்று ஆரூரன் அறை வாசலில் தூவிவிட்டாள். பேயை நம்பாதவர்கள் செய்கிற அளவுக்கு மேலாகவே தூவினாள்.

பிறகு அவனோடு வீடியோ. தாயும் மகனும் முக்கால் மணி நேரம். கடைசியில் ஃபோன் என் கைக்கு வந்தது.

"எப்பிடி?"

"ஓகே அப்பா."

"குளிரோ?"

"ஓம்."

"காத்தாடி எல்லாம் ஒழுங்காச் சுத்துதோ? இல்லாட்டி நீ போய் ஊதுறியோ?"

"ஹா. அம்மாட்டைக் குடுங்கோ."

இதுதான் எங்கள் சம்பாஷணை. மூன்று மாதமாக ஒரே அளவு. நான் வாயைத் திறந்தால் பகிடி. அவன் வாயைத் திறந்தால் அம்மா.

மீதிச் செய்தி வதனி வழியாக: நாலு மணிக்கே இருட்டு. பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. வகுப்பில் மெழுகுதிரி கொளுத்தி வைக்கிறார்களாம். ("கரண்ட் பில் கட்டேல்லையோ?" "எல்லாத்துக்கும் ஒரு நொட்டை.") எல்லாப் படிப்பும் குரூப்பாகத்தான். யாரும் சேர்த்துவிட மாட்டார்கள். தாங்களே ஆள் பார்த்துச் சேரவேண்டும். சோதனையும் அந்தக் குரூப்போடுதான், மேசைக்கு எதிரில் இருந்து வாயால் பதில் சொல்லவேண்டும். இவனுக்கு மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள். மட்ஸ், ஃப்ரேயா, எமில். வதனி இந்தப் பெயர்களை மூத்த சகோதரியின் பிள்ளைகள்போலச் சொல்கிறாள்.

நவ. 24, திங்கள்

இன்று நான் பார்த்தது வருவதை அல்ல, வந்த தடத்தை. குளித்துவிட்டு வர ஆறே கால். ஆமை ஏற்கெனவே மேசைக்குக் கீழே. அறை வாசலில் திருநீறு கலைந்திருந்தது. அங்கிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள். நடைபாதை வழியாக, சாமிப் படத்தைத் தாண்டி, வதனியின் கதிரையைத் தாண்டி, நேராக என் கதிரைவரை.

அழிக்க மனம் வரவில்லை. பின்னேரம் வந்த வதனி பார்த்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் கோடு வழியே நடந்து தன் கதிரையடிக்குப் போனாள்.

"என்னட்டை ஏன் வாறேல்லை?" என்றாள்.

பகிடி விட நினைத்தேன். வரவில்லை.

நவ. 26, புதன்

மதியச் சாப்பாட்டு நேரம் ஆமைக் கொம்பனியின் உதவி நம்பருக்கு ஃபோன். நாற்பது நிமிடம் பாட்டு. பிறகு ஒரு பெண். என் பெயரைக் கேட்டதும் குரல் மாறியது.

"சார், நீங்க தமிழா? நான் மதுரை சார்."

விஷயத்தைச் சொன்னேன். பேய் என்ற சொல்லை மட்டும் தவிர்த்தேன்.

"அது நிக்கும்போது நீல லைட் எரியுதா, பச்சையா?"

"நீலம்."

"அப்போ யாரோ ஆப்புல கேமரா வழியா பார்த்துட்டு இருக்காங்க சார். அவங்கதான் ஓட்டிட்டும் வர்றாங்க. அக்கவுண்ட் யார் பேர்ல?"

"மகன்ர பேரில. அவன் இஞ்சை இல்லை, டென்மார்க்கில."

"எங்க இருந்தாலும் பார்க்கலாம், பேசலாம் சார். உங்க பையன்தான் பார்க்கிறாரு. வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேண்டாம் என்றேன்.

முதலில் வந்த எண்ணம்: இத்தனை நாளும் அந்தக் கண்ணுக்கு முன்னால் எந்தச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, எப்படிக் குந்தியிருந்தேன்? கடவுளே.

இரண்டாவது எண்ணம் ரயிலில் வீட்டுக்கு வரும்போது வந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் மாறவேண்டியதை விட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டேன். செத்தவர் வந்தால் திருநீறு போடலாம், தேசிக்காய் வெட்டலாம். உயிரோடு இருக்கிற பிள்ளை சத்தம் போடாமல் வந்து தகப்பனின் காலடியில் நின்றால் அதற்கு என்ன செய்வது?

வதனிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பொட்டு வைத்து இடியப்பம் தீத்துவாள். அவன் வெட்கப்பட்டு வராமல் விட்டுவிடுவான்.

வராமல் விட்டுவிடுவான் என்று நான் பயந்ததைக் கவனித்தேன்.

நவ. 27, வியாழன்

நல்ல காற்சட்டை போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். அது வந்தது. தெரியாதவன்போல இருந்தேன். பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்து, காலால் தாளம் போட்டு, இரண்டு அடி ஆடியும் காட்டினேன். ஐம்பத்தாறு வயதில் தரை கூட்டுகிற ஒரு தும்புக்கட்டைக்கு நாட்டியம்.

நீல லைட் அசையவில்லை. டென்மார்க்கில் அப்போது நேற்றைய இரவு எட்டு மணி.

நவ. 29, சனி

வெக்கை. இன்று ஆறு மணிக்கு வந்தது எட்டு மணிவரை போகவில்லை. நானும் எழும்பவில்லை. வெங்காயம் உரித்தேன். தேவைக்கு மேல் உரித்தேன். இரண்டு கிலோ இருக்கும். பல வருஷத்துக்குப் பிறகு அவனோடு இருந்த நீண்ட நேரம் அதுதான் என்று பட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

பின்னேரம் வதனி வேலையால் வந்து, அவனோடு கதைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"நேத்து இரவு குரூப் ஆக்கள் எல்லாரும் சேந்து கிறிஸ்மஸ் விருந்தாம். எட்டு மணிக்குத் துடங்கிப் பத்து மட்டும் மேசையை விட்டு எழும்பவே விடேல்லையாம். ஊறுகாய் போட்ட மீனாம். மட்ஸ் பாட்டெல்லாம் பாடினவனாம்."

"நல்லது" என்றேன்.

பிறகுதான் கணக்கு ஓடியது. அவர்களுடைய வெள்ளி இரவு எட்டு, எங்களுடைய சனி காலை ஆறு. அவர்களுடைய பத்து, எங்களுடைய எட்டு.

மட்ஸ் பாடிக்கொண்டிருந்த நேரம் இவன் என் கதிரைக்குக் கீழே இருந்தான்.

வெங்காயத்தைப் பார்த்தபடி நின்றேன். வதனி, "என்ன, கண் கலங்குது?" என்றாள். உரித்து வைத்தது உதவிக்கு வந்தது.

பாலா அண்ணை சொன்னது சரி. இந்த வீட்டில் பேய் இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று. மட்ஸ், ஃப்ரேயா, எமில். மூன்று மாதமாக எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவரை நியமித்தவன் நான்.

நவ. 30, ஞாயிறு

வதனி வேலைக்குப் போனபின் முடிவெடுத்தேன். ஃபோன் வேண்டாம். ஃபோன் எடுத்தால் இந்த வாய் காத்தாடி பற்றித்தான் கதைக்கும்.

ஆறு ஐந்துக்கு வந்தது. கதிரையைத் தள்ளிவிட்டுத் தரையில் இருந்தேன். இருந்தது போதவில்லை. கண் இன்னும் கீழே. குப்புறப் படுத்து, நாடியைத் தரை ரைல்ஸில் ஊன்றினேன். நேருக்கு நேர்.

"ஆரூ" என்றேன். "நேற்றைக்கு நீ விருந்துக்குப் போகேல்லை. எனக்குத் தெரியும். அம்மாக்கு நான் சொல்லேல்லை."

நீல லைட். குசினிக் குழாய் சொட்டும் சத்தம்.

"குரூப் இல்லையெண்டா இல்லை. படிக்கிறதெண்டா படி. வாறதெண்டா வா. பாலா அண்ணைக்கு நான் என்னவும் சொல்லுவன், அது என்ர தொழில். நீ எனக்கு ஒண்டும் கலக்கிக் காட்டத் தேவையில்லை."

பகிடி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

ஆமைக்குள் ஏதோ கரகரத்தது. பிறகு அவன் குரல், மெல்லியதாக, தரைக்குள்ளிருந்து வருவதுபோல.

"அப்பா, உங்கட இடது கால் வீங்கியிருக்கு."

"என்ன?"

"ரெண்டு கிழமையாப் பாக்கிறன். கணுக்கால். நேத்து இன்னும் கூட. டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். உண்மை. கொழுக்கட்டைபோல இருந்தது. ஒரே கட்டிலில் படுக்கிற தாதி கவனிக்காததை, கடலுக்கு அப்பாலிருந்து கவனித்திருக்கிறான். அந்தக் கண்ணுக்குத் தெரிந்த என் உடம்பு அவ்வளவுதானே.

"நாளைக்கே காட்டுறன்" என்றேன். "நீ சொல்லு."

"முதல் கிழமையே எல்லாரும் சேந்திட்டினம் அப்பா. ஆரையெண்டாலும் கேக்கோணும், நான் கேக்கேல்லை. பிறகு கேக்க வெக்கமா இருந்துது. ஜனவரியில எக்ஸாம். தனியப் போய் இருக்கோணும். மைனஸ் மூண்டு வந்தா..." நின்றான். "நீங்கள் சிரிக்கேல்லை."

"இல்லை."

"அப்பா, நான்..."

அதற்குள் ஆமையின் அறிவிப்புக் குரலான ஆங்கிலக்காரி குறுக்கே வந்தாள். பற்றரி தீர்ந்துவிட்டதாம், இருப்பிடம் திரும்புகிறாளாம். நேற்றுக் கூட்டியபின் வதனி சார்ஜ் சுவிட்சைப் போட மறந்திருக்கவேண்டும். அது திரும்பி நடைபாதையில் ஓடத் தொடங்கியது. அவன் குரல் துண்டு துண்டாக அதற்குள் கேட்டது.

எழும்ப நேரமில்லை. நாலு காலில் தவழ்ந்து பின்னால் போனேன், குசினியிலிருந்து சாமிப் படம் தாண்டி, அவன் அறைவரை. சுவிட்சைப் போட்டேன். நீலம் அணைந்தது. பிறகு எரிந்தது.

கட்டிலில் முதுகைச் சாய்த்து, மூச்சு வாங்கி, சொன்னேன்: "இருக்கிறன். சொல்லு."