பெட்ரோல் மூடியில் இருந்த எண்

அக்டோபர் 10, திங்கள்

காலையில் தூறல். மலை பஸ் வரவில்லை, கச்சிராயபாளையத்தோடு திருப்பிவிட்டார்களாம். ஆனது ஆகட்டும் என்று அவருடைய காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இது நான்காவது வாரம். ஒன்றரை மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பு. ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டியை நான் ஓட்டினால் என்ன குறைந்துவிடும்?

கிளம்பும்போது கட்டிலில் இருந்தபடியே கத்தினார்.

"சாதா பெட்ரோல் போட்டுடாத. தொண்ணூத்தஞ்சுதான் போடணும்."

"ஏங்க?"

"டர்போ வண்டி. சொன்னா கேளேன்."

காரணம் சொல்ல மாட்டார். கணக்கு டீச்சரிடம் இது செல்லாது.

வாங்க வேண்டியது: அவர் மாத்திரை, பாப்பாவுக்குப் பச்சை அட்டை, மிளகு. 8-பி டெஸ்ட் பேப்பர் இன்னும் 22.

அக். 11, செவ்வாய்

நல்ல வெயில். பம்பில் பெட்ரோல் மூடியைத் திறந்ததும் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர். குறைந்தபட்ச ஆக்டேன் 91. வண்டியோடு கொடுத்த புத்தகத்தையும் புரட்டினேன். அதிலும் 91. இங்கே சாதா பெட்ரோலே 91தானே! பெட்ரோல் போடும் பெண்ணைக் கேட்டேன்.

"தொண்ணூத்தஞ்சு போட்டா வண்டி ஸ்பீடா போவுமாம்மா?"

"அப்டித்தான் சொல்லிக்கினு போட்டுக்கினு போறாங்க மேடம். எனக்கு இன்னா தெரியும்?"

எனக்குத் தெரியும். ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை. அழுத்தும்போது முந்திக்கொண்டு வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிற எண், அவ்வளவுதான். 91 கேட்கிற இன்ஜினுக்கு 95 ஊற்றினால் அது ஒன்றும் பறக்காது. சாதாவே போட்டேன், டேங்க் முழுக்க. அவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் ஓட்டிக் காட்டிவிட்டு அப்புறம் ஜம்பம் அடித்துக்கொள்ளலாம்.

அக். 13, வியாழன்

ஜம்பம் போயிற்று. மலையில் இரண்டாவது வளைவு திரும்பி மிதித்தேன், முன்னால் கடகடவென்று சத்தம். சாந்தி (தமிழ் டீச்சர், என்னோடுதான் வருகிறாள்) பயந்துவிட்டாள்.

"இன்னா டீச்சர், தகர டப்பாவுல பட்டாணி போட்டு குலுக்கற மாதிரி கேக்குது?"

சமதளத்தில் இல்லை. ஏற்றத்தில் மட்டும். ஆறாவது வளைவில் இன்ஜின் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். ஹெச்.எம். முறைப்பு. ஸ்டிக்கர் பொய் சொல்லுமா? நாள் முழுக்க இதே யோசனை. 9-ஏ வகுப்பில் பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டேன், பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

அக். 14, வெள்ளி

மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைச் செருகி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நாக்கிங் டீச்சர், பெட்ரோலு முந்திக்கினு வெடிச்சி இன்ஜின் தட்டுது. சாதாவா போட்டீங்க?"

"மூடியில தொண்ணூத்தொண்ணுன்னுதான அண்ணே இருக்குது?"

"அது இன்ஜின் கம்ப்யூட்டர்ல கம்பெனி வெச்ச புரோகிராமுக்கு. இத மாத்திக்கீறாங்களே. டர்போ பிரஷர ஏத்தி வெச்சிக்கீறாங்க. இனி தொண்ணூத்தஞ்சுக்குக் கம்மியா ஊத்தவே கூடாது. சார் சொல்லலீங்களா?"

என் முகத்தைப் பார்த்ததும் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எதுக்குண்ணே மாத்துவாங்க?"

"எதுக்கு மாத்துவாங்க... ஸ்பீடுக்குத்தான்."

மாற்றிய தேதியும் ஸ்கேனரில் இருந்தது. மே 14.

வீட்டுக்கு வந்து இதே டைரியைப் புரட்டினேன். 'மே 14, சனி. அவர் சென்னை, உரக் கம்பெனி மீட்டிங். பாப்பாவுக்குச் சளி, ஆவி பிடித்தாள். அவர் வரும்போது மல்கோவா. மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து தின்றோம். நல்ல நாள்.'

நல்ல நாள். என் கையெழுத்துதான்.

அக். 15, சனி

மழை. எழுத வேண்டாம் என்று இருந்தேன். முடியவில்லை.

இரண்டு வருடம் முன்பு உளுந்தூர்பேட்டை ரோட்டில் எவனோடோ போட்டி போட்டுப் பழைய காரை டிவைடரில் ஏற்றினார். பாப்பாவுக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவள் தலையில் கை வைத்து, "இனிமே எண்பதத் தாண்ட மாட்டேன்" என்றார். நான் கேட்கவில்லை. அவராகச் செய்த சத்தியம். இந்த வண்டியை வாங்க நான் ஒப்புக்கொண்டதே அதை நம்பித்தான்.

எனக்கு ஆத்திரம் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன்.

என்ன செய்யலாம்:
1. கேட்பது. அழுவார். இன்னொரு சத்தியம் செய்வார்.
2. 95 ஊற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது.
3.

அக். 18, செவ்வாய்

லீவு போட்டு விழுப்புரம் போனேன், சர்வீஸ் சென்டருக்கு. பழைய புரோகிராமையே ஏற்றித் தரச் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்தவர் இழுத்தார்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா மேடம்?"

"ஆர்.சி. யார் பேர்ல இருக்குதுன்னு பாருங்க."

பார்த்தார். என் பேரில்தான். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

திரும்பும்போது மனது லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அவருக்குத் தெரியாமல்தானே நானும் செய்திருக்கிறேன். வீட்டில் நான் சொன்ன பொய்: கல்வி ஆபீசில் மீட்டிங். அவரும் மீட்டிங் என்றுதான் சொன்னார்.

அக். 20, வியாழன்

வண்டியில் சாதா பெட்ரோல். சத்தம் இல்லை. மலை ஏற நாலு நிமிடம் கூட ஆகிறது. சாந்தி குட்டித் தூக்கமே போட்டுவிட்டாள். தீபாவளிக்குப் பாப்பாவின் பாவாடை: தையல்காரர் சனிக்கிழமை என்கிறார், நம்பிக்கை இல்லை.

அக். 30, ஞாயிறு

டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். பாப்பா அருவி பார்க்க வேண்டும் என்று ஒரே அடம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், பாப்பா பின்னால். மூன்றாவது வளைவில் அழுத்தி மிதித்தார். மறுபடி மிதித்தார்.

"இன்னா பெட்ரோல் இருக்குது?"

"சாதா."

"தட்டலையே."

"தட்டாது."

என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. காலைத் தளர்த்தினார். அடுத்த இரண்டு வளைவும் மெதுவாகவே ஏறினார். சண்டை வீட்டுக்குப் போய்த்தான் என்று நினைத்தேன். இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை, மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் பாப்பா பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினாள்.

"ஏம்ப்பா இவ்ளோ மெதுவா போற? அன்னிக்கு நீயும் நானும் மட்டும் போனமே, அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னியே, அந்த மாதிரி போப்பா."

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். கட்டினார். சாவிக்குக் கை நீட்டினேன், கொடுத்தார். இடம் மாறி உட்கார்ந்தோம். வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினேன். பாப்பா மட்டும் அருவி எங்கே, அருவி எங்கே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.